பெடலா, ஆம்ப்பா? எலெக்ட்ரிக் கிட்டாரில் 'டிஸ்டார்ஷன்' எங்கிருந்து வர வேண்டும்? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியாச்சு. ஆம்ப்பும் வாங்கியாச்சு. ஆனால் ஒயரை மாட்டி வாசித்தால், ராக் பாடல்களில் கேட்கும் அந்த உறுமல் மட்டும் வரவே இல்லை. மெலிதாக, சுத்தமாக ஒரு சத்தம்தான் கேட்கிறது. புதிதாக கிட்டார் கற்கும் பலரும் சீக்கிரமே வந்து நிற்கும் இடம் இது.

கடைக்குப் போனால் குழப்பம் இரட்டிப்பாகிறது. "ஒரு டிஸ்டார்ஷன் பெடல் போதுங்க" என்பார் ஒருவர். "பெடல் எல்லாம் வேஸ்ட், நல்ல வால்வு ஆம்ப் வாங்குங்க, அதுதான் ஒரிஜினல் சவுண்டு" என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் இடையே விலை வித்தியாசம் பல மடங்கு இருக்கும். தவறாக வாங்கினால் பணம் போகும். கவனமில்லாமல் பயன்படுத்தினால் காதும் போகும்.

சரி, இதில் எது பெஸ்ட்? நீங்கள் எங்கே வாசிக்கிறீர்கள், அங்கே எவ்வளவு சத்தம் வைக்க முடியும் என்பதைப் பொறுத்துதான் பதில் மாறும். அது ஏன் என்று விரிவாகப் பார்க்கலாம்.

டிஸ்டார்ஷன் என்றால் என்ன?

மொபைல் ஸ்பீக்கரில் சத்தத்தை முழுசாக ஏற்றினால் பாட்டு கரகரக்கும். திருவிழாவில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் மைக்கை வாய்க்கு ரொம்ப பக்கத்தில் வைத்துப் பேசினாலும் அப்படித்தான். ஒரு கருவியால் தாங்க முடிந்த அளவுக்கு மேல் சிக்னல் வரும்போது, அது சிக்னலின் உச்சியை அப்படியே வெட்டிவிடுகிறது. இதற்குப் பெயர் 'கிளிப்பிங்'. கிட்டாரில் டிஸ்டார்ஷன் என்பதும் இதுதான். மற்ற இடங்களில் கோளாறாகப் பார்க்கப்படும் இதை, கிட்டாரிஸ்ட்டுகள் மட்டும் விரும்பிச் செய்கிறார்கள்.

ஏன் விரும்புகிறார்கள்? அலையின் உச்சி வெட்டப்படும்போது, அதில் இல்லாத புது அதிர்வெண்கள் பிறக்கின்றன. உதாரணமாக, கிட்டாரின் 5-வது கம்பியை அப்படியே மீட்டினால் அது 110 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. இதோடு 220, 330, 440 ஹெர்ட்ஸ் என மடங்குகளும் மெலிதாகக் கேட்கும். டிஸ்டார்ஷன் இந்த மடங்குகளைத் தூக்கிக் காட்டுகிறது. அதனால்தான் சத்தம் தடித்து, கரடுமுரடாகி, நெருப்பு போல ஒலிக்கிறது.

இன்னொரு லாபமும் உண்டு. உச்சி வெட்டப்படுவதால் பலமாக மீட்டினாலும் மெதுவாக மீட்டினாலும் சத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவில் வருகிறது. கம்பி அடங்கிக்கொண்டே போனாலும் ஸ்வரம் நீண்டு நிற்கிறது. லீட் வாசிப்பவர்கள் டிஸ்டார்ஷனைத் தேடுவதற்கு முக்கியக் காரணம் இது.

ராக் இசையில் ஏன் எப்போதும் 'பவர் கார்டு'?

இரண்டு ஸ்வரங்களை ஒன்றாக வாசித்து டிஸ்டார்ஷன் வழியாக அனுப்பினால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமாக இன்னும் சில அதிர்வெண்கள் உருவாகின்றன. பவர் கார்டில் இருப்பவை அடிப்படை ஸ்வரமும், அதற்கு ஐந்தாவது ஸ்வரமும்தான். நம்ம ஊர் கணக்கில் சொன்னால் ஸ, ப. அடிப்படை 110 ஹெர்ட்ஸ் என்றால் ஐந்தாவது சுமார் 165 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 55. அதாவது அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழே. கிட்டாரில் வாசிக்காத ஒரு தடித்த ஸ்வரம் தானாகவே வந்து சேர்ந்துகொள்கிறது.

ஆனால் 4, 5 ஸ்வரங்கள் உள்ள கார்டை அதே டிஸ்டார்ஷனில் வாசித்தால், இந்தக் கூட்டல் கழித்தல்கள் ஒன்றோடு ஒன்று மோதி, வெறும் சேறாக ஒலிக்கும். பலரும் இங்கேதான் பெடலையோ ஆம்ப்பையோ குறை சொல்கிறார்கள். பல நேரங்களில் பிரச்னை கருவியில் இல்லை, டிஸ்டார்ஷனின் அளவில் இருக்கிறது.

கோளாறில் பிறந்த சத்தம்

இந்தச் சத்தத்தின் வரலாறே உடைந்துபோன கருவிகளின் வரலாறுதான். 1951-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 'ராக்கெட் 88' பாடல் பதிவுக்கு வந்த கிட்டாரிஸ்ட் வில்லி கிசார்ட்டின் ஆம்ப் சேதமடைந்திருந்தது. ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து சமாளித்து வாசித்தார்கள். அந்தக் கரகரப்பு பாடலிலேயே பதிவானது.

1961-ல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பாடல் நாஷ்வில் நகரில் பதிவானபோது மிக்ஸிங் கருவியின் ஒரு சேனலில் கோளாறு ஏற்பட்டது. கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் கரகரத்தது. அந்தச் சத்தம் பிடித்துப்போக, ஒலிப்பதிவாளர் க்ளென் ஸ்னாடி அதே சத்தத்தைத் தரும் சர்க்யூட் ஒன்றை உருவாக்கினார். அது கிப்சன் நிறுவனத்தின் கைக்குப் போய், 1962-ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெடலாகக் கடைக்கு வந்தது. 1965-ல் 'தி ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் இதைப் பயன்படுத்திய பிறகு, ஃபஸ் பெடல் உலகம் முழுக்கப் பிரபலமானது.

இடையில் 1964-ல் லண்டனில் 'தி கின்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ், தன் சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கரை பிளேடால் கிழித்தார். 'யூ ரியலி காட் மீ' பாடலில் கேட்பது அந்தச் சத்தம்தான். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சின்ன ஆம்ப்பை அவர் நேரடியாக வைத்து வாசிக்கவில்லை. அதை 'வாக்ஸ் ஏசி30' என்ற பெரிய ஆம்ப்போடு இணைத்திருந்தார். சின்ன ஆம்ப் கரகரப்பைக் கொடுத்தது, பெரிய ஆம்ப் அதைப் பெரிதாக்கியது. இன்றைக்குப் பெடல் செய்யும் வேலையும் கிட்டத்தட்ட அதேதான்.

ஆம்ப்புக்குள் என்ன நடக்கிறது?

பழைய வால்வு ரேடியோவைப் பார்த்தவர்களுக்கு வால்வு ஆம்ப் புரியும். கண்ணாடிக் குழாய்கள் சூடேறி, மங்கலாக ஒளிர்ந்தபடி சிக்னலைப் பெரிதாக்கும். ஆம்ப்பில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. முதல் கட்டம் 'ப்ரீ-ஆம்ப்'. கிட்டாரிலிருந்து வரும் மிகச் சிறிய சிக்னலை இது வளர்க்கிறது. அடுத்தது 'பவர் ஆம்ப்'. ஸ்பீக்கரை அசைக்கும் பலத்தை இது கொடுக்கிறது.

ஆரம்பகால ஆம்ப்களில் ஒரே ஒரு வால்யூம் நாப்தான் இருக்கும். அதைக் கூட்டினால்தான் வால்வுகள் திணறும், டிஸ்டார்ஷன் வரும். ஜிம் மார்ஷல் லண்டனில் உருவாக்கிய ஆம்ப்கள் இப்படித்தான் புகழ்பெற்றன. 1966-ல் ஜான் மேயாலின் 'ப்ளூஸ் பிரேக்கர்ஸ்' ஆல்பத்துக்காக எரிக் கிளாப்டன் மார்ஷல் ஆம்ப்பை ஸ்டூடியோவிலேயே முழு சத்தத்துக்குப் பக்கமாக வைத்து வாசித்தார். அந்தக் கால ஸ்டூடியோக்களில் அது வழக்கத்துக்கு மாறான விஷயம். ஆனால் அந்தச் சத்தம்தான் அடுத்து வந்த தலைமுறைக்கே அளவுகோலானது.

பிறகு வந்தது 'மாஸ்டர் வால்யூம்'. இதில் ப்ரீ-ஆம்ப்பைத் திணறவைக்க 'கெயின்' என்று ஒரு நாப், மொத்த சத்தத்தைக் குறைக்க 'மாஸ்டர்' என்று இன்னொரு நாப். கலிபோர்னியாவில் ராண்டல் ஸ்மித்தின் 'மெசா பூகி', 1975-ல் மார்ஷலின் மாஸ்டர் வால்யூம் மாடல், 1981-ல் 'ஜேசிஎம்800' என இந்த வழி வளர்ந்தது. கெயினை ஏற்றி, மாஸ்டரைக் குறைத்தால் குறைந்த சத்தத்திலும் டிஸ்டார்ஷன் கிடைக்கும்.

ஆனால் அது ப்ரீ-ஆம்ப் டிஸ்டார்ஷன் மட்டும்தான். பவர் வால்வுகளும் ஸ்பீக்கரும் சேர்ந்து திணறும்போது விரலில் உணரக்கூடிய ஒரு நெகிழ்வு கிடைக்கும். மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும், அழுத்தி மீட்டினால் உறுமலாகவும் ஆம்ப் பதில் சொல்லும். அதற்கு சத்தம் வேண்டும். வேறு வழியில்லை.

பெடலுக்குள் என்ன நடக்கிறது?

பெடல் என்பது காலால் அழுத்தும் ஒரு சின்னப் பெட்டி. 9 வோல்ட் பேட்டரியோ அடாப்டரோ போதும். உள்ளே டிரான்சிஸ்டரோ, ஐசியோ சிக்னலைப் பெரிதாக்கும். 'டயோடு' என்ற சின்ன பாகம் உச்சியை வெட்டும். சிலிக்கான் டயோடு சுமார் 0.6 வோல்ட்டிலேயே வெட்டத் தொடங்கிவிடும். அதனால் ஆம்ப்பின் சத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் டிஸ்டார்ஷன் மாறாது. ராத்திரி 11 மணிக்கும் அதே உறுமல், மெல்லிய சத்தத்தில். பெடலின் மிகப் பெரிய பலம் இது.

எல்லா பெடலும் ஒன்று கிடையாது. பொதுவாக மூன்று வகை:

ஓவர்டிரைவ்: உச்சியை மென்மையாக வளைக்கும். வால்வு ஆம்ப் லேசாகத் திணறுவது போல ஒலிக்கும். ஜப்பானின் ஐபனெஸ் வெளியிட்ட 'ட்யூப் ஸ்க்ரீமர்' இதில் பிரபலம். ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் இதை விரும்பிப் பயன்படுத்தியவர்.

டிஸ்டார்ஷன்: உச்சியைக் கத்தியால் சீவியது போல வெட்டும். ஹார்ட் ராக், மெட்டல் இசைக்கு ஏற்றது. 1978-ல் வந்த பாஸ் நிறுவனத்தின் 'டிஎஸ்-1' பெடல் இந்த வகை. 'நிர்வானா' குழுவின் கர்ட் கோபேன் பயன்படுத்தியது இதைத்தான்.

ஃபஸ்: சிக்னலைக் கிட்டத்தட்ட சதுரமாகவே மாற்றிவிடும். தேனீக்கூட்டம் ரீங்கரிப்பது போல இருக்கும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'ஃபஸ் ஃபேஸ்' இதற்கு நல்ல உதாரணம்.

பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம். மெட்டல் வாசிக்க ஆசைப்பட்டு, கடையில் ஓவர்டிரைவ் மட்டும் வாங்கி வந்து, "சத்தமே ஏறலையே" என்று தவிப்பவர்கள் உண்டு. ப்ளூஸ் வாசிக்க ஆசைப்பட்டு டிஸ்டார்ஷன் பெடல் வாங்கி விழிப்பவர்களும் உண்டு.

ஆம்ப்பின் பிரச்னை: சத்தம்

"100 வாட் வேண்டாம், 50 வாட் வாங்கினா பாதி சத்தம்தானே?" என்று நினைப்பவர்கள் நிறைய பேர். கணக்கு அப்படி இல்லை. 100 வாட்டிலிருந்து 50 வாட்டுக்கு இறங்கினால் குறைவது வெறும் 3 டெசிபல். காதுக்குப் பாதி சத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். அதற்கு 10 வாட்டுக்கு இறங்க வேண்டும். 5 வாட் வால்வு ஆம்ப்பையே முழுசாகத் திறந்தால் ஃபிளாட்டில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

இது அக்கம்பக்கத்தோடு முடியும் விஷயம் இல்லை. அமெரிக்காவின் பணியிட சுகாதார ஆய்வு நிறுவனமான 'நியோஷ்' பரிந்துரைக்கும் வரம்பு இது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம்தான். சின்ன அறையில் டிரம்ஸோடு சேர்ந்து வால்வு ஆம்ப்பைத் திணறவைத்தால் இந்த அளவை எட்டுவது ரொம்ப சுலபம்.

சத்தத்தால் போன செவித்திறன் திரும்ப வராது. 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் போன்ற பெரிய கலைஞர்களே தங்கள் காது பாதிப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். ஒத்திகை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதில் 'ஙொய்' என்று கேட்டால், அது எச்சரிக்கை மணி. காதடைப்பான் போட்டு வாசிப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

ஆம்ப்பையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் இடத்தில் 'அட்டெனுவேட்டர்' என்ற கருவியை வைத்து சத்தத்தைக் குறைக்கலாம். பவரை வெப்பமாக மாற்றி விழுங்கிவிடும். ஆனால் ஸ்பீக்கர் திணறுவதால் வரும் தன்மை அதில் குறையும். கூடுதல் செலவும் இருக்கிறது.

பெடலின் பிரச்னை: அது தனியாக ஒலிக்காது

பெடலுக்கு சொந்தமாக ஸ்பீக்கர் இல்லை. அதன் சத்தம் எப்போதும் ஏதோ ஒரு ஆம்ப் வழியாகத்தான் உங்கள் காதுக்கு வருகிறது. கடையில் பெரிய வால்வு ஆம்ப்பில் போட்டுக் காட்டும்போது அசத்தலாக இருக்கும் பெடல், வீட்டில் உள்ள 10 வாட் ஆம்ப்பில் கொசு ரீங்கரிப்பது போல ஒலிக்கலாம். வீடியோவில் கேட்ட சத்தத்தை நம்பி பெடல் வாங்குபவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

சிலர் ஆம்ப்பே இல்லாமல் பெடலை ஹோம் தியேட்டரிலோ கம்ப்யூட்டர் ஸ்பீக்கரிலோ மாட்டிப் பார்ப்பார்கள். சத்தம் காதைக் கீறும். காரணம் எளிமையானது. கிட்டார் ஆம்ப்பில் உள்ள ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள சத்தத்தைப் பெருமளவு வெட்டிவிடும். பாட்டு கேட்கும் ஸ்பீக்கர் அப்படி வெட்டாது. டிஸ்டார்ஷனில் பிறக்கும் மேல்மட்டக் கீச்சொலி எல்லாம் அப்படியே வெளியே வந்துவிடும். அப்படி வாசிக்க வேண்டுமென்றால், ஸ்பீக்கர் பெட்டியின் தன்மையைப் போலவே ஒலியை மாற்றும் 'கேபினெட் சிமுலேஷன்' வசதி கட்டாயம் வேண்டும்.

இன்னொரு உண்மையும் தெரிந்திருக்க வேண்டும். விலை குறைந்த டிரான்சிஸ்டர் பிராக்டிஸ் ஆம்ப்களில் 'ஓவர்டிரைவ்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதற்குள் இருப்பது வால்வு இல்லை. ஐசியும் டயோடும்தான், அதாவது ஒரு பெடலில் இருக்கும் அதே வகை சர்க்யூட். எனவே அந்த ஆம்ப்பை வைத்துக்கொண்டு "எனக்கு ஆம்ப் டிஸ்டார்ஷன்தான் பிடிக்கும்" என்று சொல்வதில் பெரிய அர்த்தம் இல்லை.

ரெண்டையும் சேர்த்தால்?

மேடையில் ஜாம்பவான்கள் பலர் செய்தது இதைத்தான். 'குயின்' குழுவின் பிரையன் மே, 'ட்ரெபிள் பூஸ்டர்' என்ற சின்னக் கருவியை வைத்து 'வாக்ஸ் ஏசி30' ஆம்ப்பைத் திணறவைத்தார். 'பிளாக் சபாத்' குழுவின் டோனி ஐயோமியும் பூஸ்டர் வழியாகத்தான் தன் லேனி ஆம்ப்பை உறுமவைத்தார். டிஸ்டார்ஷன் வந்தது ஆம்ப்பிலிருந்து. அதைத் தள்ளிவிட்டது முன்னால் இருந்த பெட்டி.

இன்றைய மெட்டல் கிட்டாரிஸ்ட்டுகளிடையேயும் இந்த வழக்கம் பரவலாக இருக்கிறது. ஏற்கனவே உறுமும் ஆம்ப்புக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமரை வைத்து, அதன் டிரைவ் நாப்பைக் குறைத்து, லெவல் நாப்பை ஏற்றிவிடுவார்கள். அந்தப் பெடல் அடிமட்ட பேஸைக் குறைத்து, சுமார் 700 ஹெர்ட்ஸ் சுற்றியுள்ள நடுப்பகுதியைத் தூக்கும். இதனால் தடித்த கம்பிகளில் வேகமாக வாசித்தாலும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது. சுவீடன் நாட்டின் 'என்டூம்ட்' குழு 1990-ல் வெளியிட்ட ஆல்பத்தில் பாஸ் நிறுவனத்தின் 'எச்எம்-2' பெடலின் எல்லா நாப்களையும் முழுசாகத் திருப்பி வைத்து வாசித்தது. அந்த ரம்பச் சத்தம் ஒரு பெடலிலிருந்து பிறந்தது. இன்று ஸ்வீடிஷ் டெத் மெட்டலின் அடையாளமே அதுதான். எனவே "பெடல் என்றால் போலி" என்ற பேச்சில் உண்மை இல்லை.

டிலே, ரிவெர்ப் இருக்கிறதா? இதைக் கவனிங்க

கடைகளில் பெரும்பாலும் யாரும் சொல்லாத விஷயம் இது. எதிரொலி தரும் டிலே, ரிவெர்ப் பெடல்கள் பொதுவாக டிஸ்டார்ஷனுக்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் வந்தால் எதிரொலியும் சேர்ந்து நொறுங்கி, எல்லாம் குழம்பிவிடும்.

டிஸ்டார்ஷன் பெடலில் இருந்து வந்தால் பிரச்னையே இல்லை. அதற்கு அடுத்து டிலேயை மாட்டி, ஆம்ப்பை கிளீனாக வைத்துவிடலாம். ஆனால் டிஸ்டார்ஷன் ஆம்ப்பின் ப்ரீ-ஆம்ப்பில் இருந்து வருகிறது என்றால், டிலேயை அதற்குப் பின்னால் நுழைக்க ஆம்ப்பின் முதுகில் 'எஃபெக்ட்ஸ் லூப்' என்ற இரண்டு சாக்கெட்டுகள் இருக்க வேண்டும். எல்லா ஆம்ப்பிலும் அது இருக்காது. உங்கள் இசையில் எதிரொலி முக்கியம் என்றால், இந்த ஒரு விஷயமே முடிவை மாற்றிவிடும்.

அப்போ யாருக்கு எது சரி?

வீட்டில் மட்டும் வாசிப்பவர்: பெரிய வால்வு ஆம்ப் தேவையில்லை. அதன் உண்மையான தன்மையை வீட்டுச் சத்தத்தில் கேட்கவே முடியாது. கிளீன் சத்தம் நன்றாக உள்ள சின்ன ஆம்ப், அதோடு ஒரு பெடல் போதும். ஹெட்போன் சாக்கெட்டோடு வரும் டிஜிட்டல் மாடலிங் ஆம்ப்பும் நல்ல தேர்வு. பல ஆம்ப்களின் சத்தத்தை டிஜிட்டல் முறையில் போலச் செய்யும் இந்த வழியை 1998-ல் வந்த லைன் 6 நிறுவனத்தின் 'பாட்' கருவி பரவலாக்கியது. இப்போது தரம் எவ்வளவோ கூடியிருக்கிறது.

குழுவாக ஒத்திகை பார்ப்பவர், சின்ன மேடையில் வாசிப்பவர்: 15 முதல் 30 வாட் வால்வு ஆம்ப் அர்த்தமுள்ளதாக மாறும் இடம் இதுதான். டிரம்ஸுக்கு ஈடுகொடுக்கும் சத்தத்தில் வால்வுகளும் லேசாகத் திணறும். சோலோவுக்கு முன்னால் ஒரு ஓவர்டிரைவ் வைத்துக்கொண்டால் கச்சிதம்.

வேறு வேறு மேடைகளில், அங்கே கொடுக்கும் ஆம்ப்பில் வாசிப்பவர்: பெடல்தான் காப்பாற்றும். எந்த ஆம்ப் கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. பையில் போட்டு எடுத்துப் போகும் பெடல் இருந்தால், ஆம்ப்பை கிளீனாக வைத்து உங்கள் சத்தத்தைப் பெருமளவு காப்பாற்றிக்கொள்ளலாம்.

ஒரே பாட்டில் கிளீனும் வேண்டும், உறுமலும் வேண்டும் என்பவர்: காலால் மாற்றக்கூடிய இரண்டு சேனல் ஆம்ப் அல்லது கிளீன் ஆம்ப்போடு பெடல், இரண்டுமே சரிவரும். ஒரே சேனல் உள்ள ஆம்ப்பைத் திணறவைத்து வாசிப்பவர்கள் கிட்டாரின் வால்யூம் நாப்பைக் குறைத்து கிளீன் சத்தத்துக்கு வருவார்கள். அதற்குப் பழக்கம் தேவை.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

முதலில் உங்களிடம் ஏற்கனவே உள்ள ஆம்ப்பைச் சோதியுங்கள். கெயின், மாஸ்டர், டோன் நாப்களை ஒவ்வொன்றாக மாற்றி ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். புதுசாக எதுவும் வாங்கவே தேவையில்லை என்றுகூடத் தெரியவரலாம்.

பெடல் வாங்குவது என்றால் உங்கள் கிட்டாரை எடுத்துப் போங்கள். முடிந்தால் ஆம்ப்பையும். இல்லையென்றால் உங்கள் ஆம்ப்புக்கு நெருக்கமான மாடலில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் வைக்கும் சத்தத்திலேயே கேட்டுப் பாருங்கள். சத்தம் கூடினால் எல்லாமே நன்றாக இருப்பது போலத்தான் காதுக்குத் தோன்றும்.

கெயினைக் குறைவிலிருந்து தொடங்கி ஏற்றுங்கள். தனியாக வாசிக்கும்போது நன்றாக இருக்கும் அளவு, குழுவோடு வாசிக்கும்போது அதிகமாகத்தான் இருக்கும். 'மிட்' நாப்பை முழுசாகக் குறைத்து வைப்பவர்கள், குழுவில் தன் கிட்டாரே கேட்கவில்லை என்பார்கள். கிட்டாரின் உயிர் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. கெயின் ஏற ஏற இரைச்சலும் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடாப்டரைச் சரிபாருங்கள். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் டிசி, பின்னின் நடுப்பகுதி மைனஸ். சில பழைய பாணி ஃபஸ் பெடல்கள் இதற்கு மாறாக இருக்கும். மாற்றி மாட்டினால் பெடல் பழுதாகலாம்.

வால்வு ஆம்ப் வாங்குகிறீர்களா? இந்த 3 விஷயம் உயிர்நாடி

ஒன்று: அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டிருக்கலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சரியான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மாட்டவே கூடாது.

இரண்டு: ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஓடவிடாதீர்கள். உள்ளே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். வால்வு ஆம்ப்பில் காசை அதிகம் விழுங்கும் ரிப்பேர்களில் இது ஒன்று.

மூன்று: நீங்களாகத் திறக்காதீர்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல்கூட டிசி மின்சாரம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்கள் அந்த மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அது உயிரைப் பறிக்கும் அளவு. வால்வு ஆம்ப் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். வால்வுகள் காலப்போக்கில் தேயும், மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக...

சத்தம் வைக்க இடம் இருக்கிறது, குழு இருக்கிறது, விரலின் அழுத்தத்துக்கே சத்தம் மாற வேண்டும் என்றால் ஆம்ப். குறைந்த சத்தம், குறைந்த பட்ஜெட், பல வகை இசை என்றால் பெடல். இரண்டும் கையில் இருந்தால் பெடலை வைத்து ஆம்ப்பைத் தள்ளுங்கள்.

கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் முடியும் என்றால், முதலில் கிளீன் சத்தம் நன்றாக உள்ள ஒரு ஆம்ப்புக்கு செலவு செய்யுங்கள். பெடலை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம். மோசமான ஆம்ப்பை எந்தப் பெடலாலும் சரிசெய்ய முடியாது.